எல்லாருக்கும் திறந்த ஃபோல்டர்



கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் சிட்கோ எஸ்டேட்டிலும் உள்ள சிறு அலுவலகங்கள் பலவற்றில் தனி சர்வர் கிடையாது. அக்கவுண்ட்ஸ் பார்ப்பவரின் கம்ப்யூட்டரே சர்வர். டேலி கணக்கு, டிராயிங், டெஸ்ட் சர்டிபிகேட், டெலிவரி சலான் எல்லாம் அதிலுள்ள ஒரு ஷேர் ஃபோல்டரில்தான். அது திறக்காத காலையில் லாரி கேட்டிலேயே நிற்கிறது. எளாவூர் தாண்டி ஆந்திரா போகும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேலென்றால் இ-வே பில் வேண்டும். பில் போட வேண்டிய விவரமோ திறக்காத ஃபோல்டருக்குள் இருக்கிறது.

அந்த அவசரத்தில் நடப்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. ஃபயர்வாலை அணைக்கிறார்கள். பாஸ்வேர்டை எடுத்துவிடுகிறார்கள். ‘எவ்ரிஒன்’ என்று போட்டு முழு அனுமதி கொடுக்கிறார்கள். ஃபோல்டரைப் பகிரும் பழைய எஸ்எம்பி 1 முறைக்கு மறுபடி உயிர் கொடுக்கிறார்கள். ஃபோல்டர் திறந்துவிடும், லாரியும் கிளம்பிவிடும். ஆனால் 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவத் தொடங்கிய, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வன்னாக்ரை என்ற ரான்சம்வேர் புகுந்தது அந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பிரிட்டனில் மருத்துவமனைகள் தடுமாறின. நமக்குப் பக்கத்தில் ஒரகடத்திலுள்ள ரெனோ-நிசான் தொழிற்சாலையும் பாதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது.

அதன்பின் விண்டோஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவை இறுக்கிக்கொண்டே வருகிறது. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததால் பலர் புது கம்ப்யூட்டர் வாங்கியிருப்பீர்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 ப்ரோ பதிப்பு, பெயரும் பாஸ்வேர்டும் இல்லாத ‘கெஸ்ட்’ நுழைவை ஏற்பதில்லை. மற்றவற்றில் திறக்கும் ஃபோல்டர் புதியதில் மட்டும் திறக்கவில்லை என்றால், முதல் சந்தேகம் இதன்மேல் விழட்டும்.

எல்லா கம்ப்யூட்டரிலும் திறக்கவில்லையா? அப்படியானால் ஃபோல்டர் இருக்கும் இயந்திரத்திடம் போங்கள். அது ஸ்லீப்பில் இருக்கலாம், கேபிள் கழன்றிருக்கலாம். கரண்ட் போய் வந்தபின் ரௌட்டர் அதற்கு வேறு ஐபி எண் கொடுத்திருக்கலாம். ரௌட்டரில் அந்த எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். ரௌட்டரையே மாற்றியிருந்தால், விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காக எண்ணி ‘பப்ளிக்’ என்று குறித்திருக்கும். அதை ‘பிரைவேட்’ ஆக்கினால் போதும், ஃபயர்வாலைத் தொடவே வேண்டாம்.

பாஸ்வேர்டு கேட்டு ஏற்க மறுக்கிறதா? காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கும் ‘பின்’ எண் இங்கே செல்லாது. கணக்கின் உண்மையான பாஸ்வேர்டுதான் வேண்டும். பாஸ்வேர்டே இல்லாத கணக்கும் உதவாது. பழைய பாஸ்வேர்டு ‘கிரெடென்ஷியல் மேனேஜரில்’ தங்கியிருந்தால் நீக்குங்கள். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் ‘அக்சஸ் டினைடு’ என்றால் அனுமதிதான் குறை. அதை ‘ஷேரிங்’, ‘செக்யூரிட்டி’ என இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும். இரண்டில் எது கண்டிப்பானதோ அதுவே நிற்கும். ஒன்றில் மட்டும் தாராளமாகக் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் அதிகம்.

டிராயிங்கைப் பார்க்க மட்டுமே வேண்டியவருக்குத் திருத்தும் அனுமதி எதற்கு? ஒரு கம்ப்யூட்டரில் ரான்சம்வேர் வந்தால், அதில் இருப்பவர் திருத்தக்கூடிய எல்லா ஷேர் ஃபோல்டரையும் அது பூட்டிவிடும். பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க்கைச் செருகியபடியே விட்டால் அதுவும் தப்பாது.

இந்த வாரம் ஒருநாள் வேலை ஓய்ந்த நேரத்தில் உங்கள் ஷேர் ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். தேவைப்படும் ஒவ்வொருவருக்கும் பாஸ்வேர்டுடன் ஒரு கணக்கு உருவாக்கி, அவர்கள் பெயரைச் சேருங்கள். பிறகு ‘எவ்ரிஒன்’ என்பதை எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்