இரண்டு சாவியும் ஒருவரிடம்

முதலிலேயே ஒரு டிஸ்கி. நான் படித்தது பி.காம். பத்தாம் வகுப்போடு உயிரியலுக்குக் கும்பிடு போட்டவன். அதனால் இந்தப் பதிவில் கிருமிகளைப் பற்றி நான் பாடம் நடத்தப் போவதில்லை. சாவிகளைப் பற்றிப் பேசப் போகிறேன். இருபது வருடமாக அதுதான் பிழைப்பு :-)

போபாலுக்கு மாற்றலாகி வந்து நான்கு வருடம் ஆகிறது. ரைசன் ரோடில் ஆனந்த் நகர் பக்கம் போனால் மத்திய அரசின் உயர் பாதுகாப்பு கால்நடை நோய் ஆய்வகம் இருக்கிறது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவில் நவாப்பூரில் கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது, மாதிரிகளைச் சோதித்து, இந்தியாவுக்குப் பறவைக் காய்ச்சல் வந்துவிட்டது என்று முதன்முதலில் உறுதிசெய்தது இங்கேதான். அந்த வாரம் நாமக்கல்லில் முட்டை விலை என்ன ஆனது என்று அந்தப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் பெண் போன மாதம் சாப்பாட்டு மேஜையில் அறிவித்தாள். "அப்பா, நான் வைராலஜி படிக்கப் போறேன். அந்த மாதிரி லேப்லதான் வேலை பாக்கணும்."

தங்கமணிக்குக் கரண்டி நின்றுவிட்டது. "ஊர்ல இல்லாத வியாதியை எல்லாம் வீட்டுக்குக் கொண்டு வரவா?"

"வியாதி வீட்டுக்கு வராம இருக்கத்தாம்மா அந்த லேபே இருக்கு."

இரண்டு பேர் சொன்னதும் சரி. அதுதான் சிக்கல். தூக்கம் வராமல் நாலைந்து ராத்திரி உட்கார்ந்து படித்தேன். படித்ததும் யோசித்ததும் கீழே.

அதற்கு முன்னால் ஒரு பழைய கதை. வேலையில் சேர்ந்த புதிதில் உத்தரப் பிரதேசத்தில் ஒரு சின்ன கிளை. ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், இன்னொன்று ஹெட் கேஷியரிடம். இருவரும் சேர்ந்தால்தான் திறக்கும். அவர் நல்ல மனிதர், ஆனால் பக்கத்து ஊரிலிருந்து ரயிலில் வருவார். ரயில் என்றைக்கு நேரத்துக்கு வந்தது? "நீங்களே வெச்சிருங்க, காலையில ஜனங்க காத்திருக்காங்க" என்று தன் சாவியையும் என்னிடம் தந்துவிட்டுப் போனார். எட்டு மாதம் இரண்டு சாவியும் என் பையில். ஒரு பைசா காணாமல் போகவில்லை. எனக்குக்கூட அது தப்பாகத் தோன்றவில்லை.

ஒரு நாள் மாலை கணக்கு முடிக்கும்போது ஐநூறு ரூபாய்க் கட்டு ஒன்று குறைந்தது. ஐம்பதாயிரம். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. மறுநாள் காலை, கிழிந்த நோட்டுகள் வைக்கும் பெட்டியில் தப்பாகப் போய் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. உயிர் வந்தது. மேனேஜர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கிடைக்காமல் போயிருந்தால், நீ எடுக்கவில்லை என்று எப்படி நிரூபித்திருப்பாய்?"

இரண்டாவது சாவி எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதுவரை அதைத் திருடனுக்கான ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தேன். என்னைப் போன்ற அசட்டு நேர்மைக்காரனையும் அதுதான் காப்பாற்றுகிறது.

இப்போது ஆய்வகத்துக்கு வருவோம்.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஃபிலிப்பா லென்ட்சோஸ் என்று ஒரு சமூக அறிவியலாளர். உயிரியல் ஆபத்துகளை யார், எப்படிக் கண்காணிக்கிறார்கள் என்பதுதான் அவர் ஆராய்ச்சி. அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் கிரிகரி கோப்லென்ட்ஸும் அவரும் சேர்ந்து 2021-இல் ஒரு வேலை செய்தார்கள். உலகத்தில் நான்காம் நிலை பாதுகாப்பு ஆய்வகங்கள் எங்கெல்லாம் இருக்கின்றன என்று வரைபடமாகப் போட்டார்கள். இயங்குபவை, கட்டப்படுபவை, திட்டத்தில் உள்ளவை எல்லாம் சேர்த்து 23 நாடுகளில் 59. முக்கால்வாசி நகரப் பகுதிகளில். அந்த 23 நாடுகளில், நல்லதுக்கும் கெட்டதுக்கும் பயன்படக்கூடிய ஆராய்ச்சியைக் கண்காணிக்க தேசிய அளவில் கொள்கை வைத்திருந்தவை எத்தனை? மூன்று. ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா.

2023-இல் அவர்கள் மறுபடி எண்ணியபோது 27 நாடுகளில் 69 ஆகியிருந்தது. கோவிட் வந்து போன பிறகு ஆளாளுக்குக் கட்டுகிறார்கள். எங்கள் பாஷையில் சொன்னால், கிளைகள் திறந்துகொண்டே போகிறோம், இன்ஸ்பெக்‌ஷன் டிபார்ட்மெண்டுக்கு ஆளில்லை.

சரி, கொள்கை இருக்கிற அமெரிக்காவிலாவது ஒழுங்கா என்றால், 2011 கதையைக் கேளுங்கள். ஹெச்5என்1 பறவைக் காய்ச்சல் மனிதர்களுக்கு அபூர்வமாகத்தான் தொற்றும். ஆனால் தொற்றியதாகப் பதிவானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் ரான் ஃபூஷியே குழுவும், அமெரிக்காவின் விஸ்கான்சினில் யோஷிஹிரோ கவாவோகா குழுவும், ஃபெரெட் என்ற கீரி மாதிரியான பிராணிகளில் இது காற்று வழியாகப் பரவும்படி வைரஸை மாற்றிக் காட்டினார்கள். இயற்கை இதைச் செய்வதற்குள் நாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் வாதம். முட்டாள்தனமான வாதம் இல்லை.

ஆனால் இதில் உள்ள ஆபத்தைப் பற்றி வெளியாட்களின் குழு உட்கார்ந்து பேசியது எப்போது? கட்டுரை அச்சுக்குப் போகும் நேரத்தில். 2011 டிசம்பரில், விவரங்களை வெட்டிவிட்டு வெளியிடுங்கள் என்று அமெரிக்க ஆலோசனைக் குழு சொன்னது. 2012 மார்ச்சில் மனம் மாறி, வெளியிடலாம் என்றது. அந்த ஆண்டே இரண்டு கட்டுரையும் வெளிவந்தன. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது அமெரிக்க அரசின் சுகாதார ஆராய்ச்சி நிறுவனம். வைரஸ் தயாராகி ஃப்ரீசரில் உட்கார்ந்த பிறகு, பேப்பரில் எந்த வரியை அடிப்பது என்று விவாதம்!

கடன் பணத்தைப் பார்ட்டி கையில் கொடுத்துவிட்டு, சாங்ஷன் நோட்டை அப்புறம் எழுதினால் எங்களுக்குச் சார்ஜ் ஷீட்.

இரண்டாவது கதை 2007. இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்தில் பிர்பிரைட் என்ற இடம். ஒரே வளாகத்தில் அரசு சார்ந்த கால்நடை ஆய்வகமும், மெரியல் என்ற தனியார் தடுப்பூசித் தொழிற்சாலையும். ஆகஸ்டில் பக்கத்துப் பண்ணைகளில் கோமாரி நோய் வந்தது. வந்தது 1967-இல் பிரித்தெடுத்த பழைய ரகம். வெளியில் எங்கும் சுற்றாத ரகம். அப்புறம் எங்கிருந்து வரும்? உள்ளேயிருந்துதான். விசாரித்தால், நிலத்தடியில் போகும் பழைய கழிவுநீர்க் குழாய்கள் ஒழுகியிருக்கின்றன. கட்டட வேலைக்கு வந்த வண்டிகளின் டயர் சேற்றோடு கிருமி வெளியேறியிருக்கலாம் என்பது முடிவு.

குழாயை மாற்ற வேண்டும் என்பது பல வருடமாகத் தெரிந்த விஷயம். யார் காசு போடுவது என்பதில்தான் இழுபறி. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. எந்த ஆபீஸாக இருந்தாலும் இப்படித்தானா!

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. அந்த ஆய்வகத்துக்கு லைசென்ஸ் கொடுப்பதும் இன்ஸ்பெக்‌ஷன் போவதும் பிரிட்டனின் விவசாயத் துறை. அங்கே நடக்கும் வேலைக்குப் பணம் கொடுத்துச் செய்யச் சொல்வதும் அதே துறை. இரண்டு சாவியும் ஒரே பையில். அப்புறம் வந்த ஆய்வு அறிக்கையைத் தொடர்ந்து, இன்ஸ்பெக்‌ஷன் பொறுப்பு வேறு அமைப்புக்குப் போனது.

போபாலில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிப்பது வேறு மாதிரி இருக்கும். 1984 டிசம்பர் 2 ராத்திரி கசிந்தது கிருமி இல்லை, விஷவாயு. ஆனால் அந்தத் தொட்டியைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய அமைப்பு மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. அதுவும் உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. என் வாடிக்கையாளர்களில் அன்றைக்கு ஓடியவர்கள் இருக்கிறார்கள். பென்ஷன் வாங்க வரும்போது படியேற மூச்சு வாங்கும்.

மூன்றாவது கதைதான் என்னை அதிகம் உலுக்கியது. 1978, பர்மிங்காம் பல்கலைக்கழகம். ஜேனட் பார்க்கர் என்ற புகைப்படக் கலைஞர், பெரியம்மை ஆய்வகத்துக்கு மேல்தளத்தில் வேலை பார்த்தவர். கிருமியோடு அவருக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. பெரியம்மை வந்து செப்டம்பரில் இறந்தார். உலகத்தில் அந்த நோய்க்குப் பலியான கடைசி மனிதர் அவர். ஆய்வகத்தை நடத்திய பேராசிரியர் ஹென்றி பெட்சன் அதற்குச் சில நாள் முன்னதாகவே தற்கொலை செய்துகொண்டார். கிருமி எப்படி மாடி ஏறியது என்பது தீர்மானமாக நிரூபிக்கப்படவில்லை. 1979-இல் நீதிமன்றம் பல்கலைக்கழகத்தைக் குற்றத்திலிருந்து விடுவித்தது.

பெட்சன் மோசமான மனிதர் இல்லை. பெரியம்மையை ஒழிக்க உழைத்தவர்களில் ஒருவர். அந்த ஆய்வகத்தை 1978 முடிவோடு மூடுவதாக இருந்தது. அதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். நடுவில் நின்று, "இந்த நிலைமையில் இவ்வளவு வேலை வேண்டாம்" என்று சொல்லி நிறுத்தும் அதிகாரத்தோடு இரண்டாவது ஆள் இருந்திருந்தால் அந்தப் பெண் மட்டுமா, அவரும்கூடப் பிழைத்திருக்கலாம். எனக்கு அந்த ஐநூறு ரூபாய்க் கட்டு கிடைத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை.

நம் நாட்டில் எப்படி? சட்டம் இல்லாமல் இல்லை. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், ஆபத்தான நுண்ணுயிர்களுக்கும் மரபணு மாற்றிய உயிர்களுக்கும் 1989-லேயே விதிகள் வந்துவிட்டன. ஒவ்வொரு நிறுவனத்திலும் ஓர் உயிரிப் பாதுகாப்புக் குழு வேண்டும். அதற்கு மேல் மத்தியில் ஓர் ஆய்வுக் குழு. காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நிறுவனத்தின் குழுவுக்குத் தலைவர், அந்த நிறுவனத்தின் தலைவர் அல்லது அவர் நியமிப்பவர். அரசு நியமிக்கும் வெளியாள் ஒருவர் உள்ளே உட்காருகிறார் என்பது ஓர் ஆறுதல். மேலே உள்ள ஆய்வுக் குழு இயங்குவது உயிரித் தொழில்நுட்பத் துறையில். ஆராய்ச்சிகளுக்குப் பணம் கொடுத்து வளர்ப்பதும் அதே துறை. பிர்பிரைட் ஞாபகம் வருகிறதா?

தனியாக ஓர் ஒழுங்குமுறை ஆணையம் அமைக்க 2013-இல் மக்களவையில் மசோதா வந்தது. அதிலும் குறைகள் உண்டு என்று பலத்த எதிர்ப்பு. 2014-இல் சபை கலைந்தபோது காலாவதியானது.

இந்த இடத்தில் என் பெண் குறுக்கே வந்தாள். "ஒவ்வொண்ணுக்கும் பர்மிஷன் கேட்டுட்டு இருந்தா, அடுத்த கோவிட்டுக்குத் தடுப்பூசி யாருப்பா கண்டுபிடிப்பா?"

நியாயமான கேள்வி. எல்லா ஆராய்ச்சிக்கும் பூட்டுப் போடச் சொல்வது முட்டாள்தனம். நாங்களும் மூவாயிரம் ரூபாய் செக்குக்கு மண்டல அலுவலகத்தைக் கேட்பதில்லை. தொகை ஏற ஏற கையெழுத்து கூடும். அதே மாதிரி, ஒரு கிருமியை இன்னும் வேகமாகப் பரவ வைக்கும், இன்னும் கொடியதாக ஆக்கும் சோதனைகள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்கு மட்டுமாவது, ஆரம்பிப்பதற்கு முன்னால், அந்த ஆராய்ச்சியால் பணமோ பதவியோ பெயரோ வராத ஒருவர் கையெழுத்துப் போடட்டும். விஷயம் தெரிந்தவர்தான் போட வேண்டும், என்னை மாதிரி பி.காம். ஆசாமி வேண்டாம்.

இன்னொன்று, தப்பைச் சொன்னவனைத் தண்டிக்கக்கூடாது. 2014-இல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், சாதாரண பறவைக் காய்ச்சல் வைரஸ் என்று நினைத்து அனுப்பிய மாதிரியில் ஹெச்5என்1 கலந்திருந்தது. வாங்கிய ஆய்வகத்தில் கோழிகள் செத்தன. மே மாதமே அவர்கள் தகவல் சொல்லிவிட்டார்கள். மையத்தின் தலைமைக்கு அது போய்ச் சேர்ந்தது ஜூலையில். உலகத்திலேயே பேர் பெற்ற நிறுவனம் அது! கேஷ் குறைந்ததைச் சொன்னால் வேலை போகும் என்று பயந்தால், எந்தக் கேஷியரும் தன் பையிலிருந்து போட்டு மூடிவிடுவான். பணத்தை அப்படி மூடலாம். கிருமியை எதைப் போட்டு மூடுவது?

என் ஒப்பீடு நொண்டும் இடமும் அதுதான். வங்கியில் நஷ்டத்தை ரூபாயில் எழுதலாம், இன்ஷூரன்ஸ் வாங்கலாம், தள்ளுபடி செய்யலாம். இங்கே அந்த வசதி கிடையாது.

கடைசியில் பெண்ணிடம் "படி" என்று சொல்லிவிட்டேன். தங்கமணி இரண்டு நாள் பேசவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். எந்த ஆய்வகத்தில் சேர்ந்தாலும் முதல் நாள் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். "இங்கே இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறது? நான் தப்புப் பண்ணினால் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும்?" பதில் சொல்லத் தடுமாறினால் அடுத்த ரயிலில் வீட்டுக்கு வந்துவிடு.

வெளியூரில் இருக்கும் நம் வீடுகளில் பாதிப் பிள்ளைகள் பயோடெக், மைக்ரோபயாலஜி என்றுதான் கிளம்புகிறார்கள். சம்பளம், ஹாஸ்டல், தோசை கிடைக்குமா என்றெல்லாம் விசாரிக்கிறோம். இதையும் சேர்த்து விசாரியுங்கள்.

பி.கு: அந்த ஹெட் கேஷியர் ரிட்டையர் ஆகும்வரை ரயிலில்தான் வந்தார். கட்டு காணாமல் போன நாளுக்குப் பிறகு அவர் சாவியை நான் தொட்டதில்லை. ஜனங்கள் வரிசையில் நின்று திட்டினார்கள். நின்றால் நிற்கட்டும் என்று இருந்துவிட்டேன்.