களத்திலேயே காசு கொடுக்கும் வலிமை வேண்டும்: காவிரிப் படுகைச் சிறு உழவர் அமைப்புகளின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கும் ஒன்றிய அரசுக்கும், வங்கிகளுக்கும், கூட்டுறவுத் துறைக்கும், எங்கள் நெல்லையும் காயையும் உண்ணும் நகரத்து மக்களுக்கும்:

காவிரிப் படுகையில் மூன்று மா, ஆறு மா என்று நிலம் வைத்தும், அதுவும் இல்லாமல் குத்தகைக்கு எடுத்தும் உழுபவர்கள் நாங்கள். தமிழ்நாட்டு உழவர்களில் எங்களைப் போன்றவர்களே மிகப் பெரும்பான்மை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் நில உடைமைகளில் 93 விழுக்காடு சிறு, குறு உழவர்களுடையவை. சராசரிப் பரப்பு 0.75 எக்டேர், ஏக்கரில் சொன்னால் இரண்டுக்கும் குறைவு. இந்த அளவு நிலத்தில் விளைந்ததைத் தனி ஆளாகக் கொண்டுபோனால் விலையை எதிராளிதான் சொல்வார் என்பது எங்கள் பாட்டன் காலத்திலேயே தெரிந்த சேதி. அதனால்தான் சேர்ந்தோம். கூட்டுறவுச் சங்கமாக, விதைக் குழுவாக, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்தோம்.

சேரச் சொன்ன அரசுகள் சேர்ந்தபின் திரும்பிப் பார்ப்பது குறைவு. திறப்பு விழாவுக்கு வருகிற வண்டிகளில் பாதியாவது அறுவடைக்கு வந்திருந்தால் இந்தச் சாசனத்துக்குத் தேவை இருந்திருக்காது.

அறுவடை நாளில் பணம்

எங்கள் முதல் கோரிக்கையும் தலையாய கோரிக்கையும் இது. மற்றவை எல்லாம் இதற்குப் பின்தான்.

தை, மாசியில் சம்பா அறுப்பு நடக்கும் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். அறுப்பு மிஷின் வயலை விட்டு ஏறுவதற்குள் வாடகையை எண்ணி வைக்க வேண்டும். நடவுக்கு வாங்கிய கைமாற்று நிற்கிறது. நகை அடகில் இருக்கிறது. வானம் மூட்டம் போடுகிறது. அந்த நேரத்தில் வியாபாரி களத்துக்கே வந்து, ஈரமோ காய்ச்சலோ பாராமல், கையில் பணத்தைக் கொடுத்து நெல்லை ஏற்றிக்கொண்டு போகிறார். அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் விலை கூடுதல்தான். ஆனால் அங்கே 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் தளர்வு ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது மழை வந்தால் குவியலிலேயே நெல் முளைவிடும்.

எங்கள் நிறுவனம் நியாயமான விலை தரத் தயார். ஆனால் இன்று தர இயலாது, விற்றபின் தருகிறோம் என்றுதான் சொல்ல முடிகிறது. அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கும் வசதி எங்கள் உறுப்பினர்களுக்கு இல்லை. தன் சொந்த நிறுவனத்தைத் தாண்டி வியாபாரியிடம் நெல்லைப் போடும் உழவரை நாங்கள் குறை சொல்லமாட்டோம். அவர் நிலையில் நாங்களும் அதைத்தான் செய்திருப்போம், செய்தும் இருக்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை உருவாக்கும் ஒன்றிய அரசின் திட்டம் 2020 பிப்ரவரியில் 6,865 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கியது. அதன்படி சமவெளியில் ஒரு நிறுவனத்துக்கு 300 உறுப்பினராவது வேண்டும். ஆளுக்கு 2,000 ரூபாய் பங்கு போட்டால் 6 லட்சம். அரசு அதற்கு இணையாக மானியம் தந்தால் இன்னொரு 6 லட்சம். ஆக 12 லட்சம். இதே 300 பேரும் ஆளுக்கு ஒரு டன் நெல் கொண்டுவந்தால், 2024-25இன் ஆதரவு விலையான கிலோ 23 ரூபாயில், 69 லட்சம் ரூபாய் உடனே வேண்டும். ஆளுக்கு ஒரு டன் என்பது ஒரு ஏக்கர் விளைச்சல்கூட இல்லை. 12 லட்சத்தை வைத்து 69 லட்சத்துக்கு எப்படிக் கொள்முதல் செய்வது?

வங்கிக்குப் போகலாமே என்பீர்கள். 2 கோடி ரூபாய் வரையான கடனுக்கு ஈடு கேட்காமல் கொடுக்க அரசின் கடன் உத்தரவாதம் இருக்கிறது. ஆனாலும் நாங்கள் போன ஒரு வங்கிக் கிளையில் இயக்குநர்களின் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டார்கள். அதைக் கேட்டதும் இரண்டு பெண் இயக்குநர்கள் பொறுப்பே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இன்னொன்றும் எங்களுக்கு விளங்கவில்லை. தனி உழவருக்கு உழவர் கடன் அட்டையில், தவணை தவறாமல் கட்டினால், 4 விழுக்காடு வட்டியில் பயிர்க்கடன் கிடைக்கிறது. அதே உழவர் முந்நூறு பேரோடு சேர்ந்து ஒரு நிறுவனமாக வந்து நின்றால் வட்டி இரண்டு மூன்று மடங்காகிறது. சேர்ந்ததற்குத் தண்டனையா இது?

ஆகவே கோருகிறோம்: ஒவ்வொரு மாவட்டத்திலும் அறுவடைச் சுழல்நிதி ஒன்றை மாநில அரசு அமைக்க வேண்டும். அறுப்புக்கு ஒரு மாதம் முன்பே நிறுவனத்தின் கணக்கில் பணம் நிற்க வேண்டும்; நான்கைந்து மாதத்தில், நெல்லோ அரிசியோ விற்றதும், 4 விழுக்காடு வட்டியோடு திருப்பித் தருவோம். கிடங்கில் இருக்கும் நெல்லையே ஈடாகக் கொள்ளுங்கள். எங்கள் இயக்குநர்களின் வீட்டைக் கேட்காதீர்கள். உத்தரவாதம் உள்ள கடனுக்குச் சொந்த ஈடு கேட்கக் கூடாது என்று ஒவ்வொரு கிளைக்கும் தமிழில் சுற்றறிக்கை போக வேண்டும். இத்துடன் ஊருக்கு ஓர் உலர்களமும் வட்டாரத்துக்கு ஒரு நெல் உலர்த்தும் இயந்திரமும் எங்கள் பொறுப்பில் தாருங்கள். ஈரத்தை நாங்களே இறக்கிக்கொண்டால் கொள்முதல் நிலையத்தில் கையேந்தி நிற்க வேண்டியதில்லை.

மூன்று ஆண்டில் கைவிடாதீர்கள்

மேலே சொன்ன ஒன்றிய அரசின் திட்டத்தில் நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுகளில் 18 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. தலைமை நிர்வாகிக்கு மாதம் 25,000, கணக்கருக்கு 10,000 என்று அதில்தான் சம்பளம். மூன்றாம் ஆண்டு முடிந்ததும் அது நின்றுபோகிறது. தென்னங்கன்று நட்டவருக்குத் தெரியும், மூன்றாம் ஆண்டில் தண்ணீரை நிறுத்தினால் என்ன ஆகும் என்று. சம்பளம் நின்றதும் நிர்வாகி வேறு வேலைக்குப் போகிறார், கணக்கு நிலுவையாகிறது. கம்பெனிப் பதிவாளரிடம் ஆண்டுக் கணக்குப் படிவம் தாமதமானால் ஒரு படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கட்டணம், உச்ச வரம்பே இல்லாமல். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்தாண்டுகளுக்குத் தகுதி இழக்கிறார்கள். கோடிகளில் புரளும் கம்பெனிக்கும், களையெடுத்துவிட்டு வந்து கையெழுத்துப் போடும் எங்கள் இயக்குநருக்கும் ஒரே அளவுகோல்.

உதவியை ஏழு ஆண்டுகளுக்கு நீட்டி, ஆண்டுக்கு ஆண்டு குறைத்துக்கொண்டு வாருங்கள். ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடிக்குக் குறைந்த உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குத் தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள். படிவங்கள் தமிழில் வேண்டும்.

சிட்டா இல்லாதவரும் உழவரே

கோயில் நிலத்தையும் மிராசுதார் நிலத்தையும் வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுவோர் படுகை முழுக்க இருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் பயிர் அழுகுவது அவர்களுக்கு, நிவாரணம் பட்டாதாரருக்கு. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் ஒன்றிய அரசின் உழவர் நிதியும் நில உடைமையாளருக்கே. உற்பத்தியாளர் நிறுவனத்தில் சேர, விளைவிப்பவராக இருந்தால் போதும் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் நடைமுறையில் போகிற இடமெல்லாம் முதலில் கேட்பது நில உடைமையைக் காட்டும் சிட்டா. குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969இலேயே வந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் பதிவுக்குப் போனால் நிலம் கையை விட்டுப் போய்விடுமோ என்ற அச்சம் தீரவில்லை.

பெண்கள் நிலை இன்னும் கடினம். நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களை எடுப்பதும் அவர்கள். பட்டாவில் பெயர் ஆணுடையது. 2015-16 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் பெண்கள் பேரில் இருந்த நில உடைமைகள் ஏறத்தாழ 14 விழுக்காடுதான்.

யார் உழுகிறார் என்பதை, ஊரின் பயிர்க் கணக்கான அடங்கலில் பதியுங்கள். அந்த அடங்கல் நில உரிமைக்குச் சான்றாகாது என்று அதிலேயே எழுதிவிடுங்கள், நிலக்காரர் அச்சமும் தீரும். அடங்கலைக் காட்டினால் கடனும் காப்பீடும் நிவாரணமும் உறுப்பினர் தகுதியும் கிடைக்க வேண்டும்.

கூட்டுறவை உறுப்பினரிடம் தாருங்கள்

இந்தியக் கூட்டுறவின் தொடக்கங்களில் ஒன்று தமிழ் மண்ணில்தான்: 1904இல், திருவள்ளூர் அருகே திரூரில். இன்று மாநிலத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் உள்ளன. கிடங்கும் கட்டடமும் ஊழியரும் கொண்ட அமைப்பு இதைவிட நெருக்கமாக எங்கள் ஊர்களில் வேறில்லை. 2018இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்களின் காலம் 2023இல் முடிந்தபின் பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. உறுப்பினர் வாக்களிக்காத சங்கம் உறுப்பினருடைய சங்கம் ஆகாது. தேர்தல் உரிய காலத்தில் நடக்க வேண்டும். ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் சங்கக் கிடங்குகளை உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட வேண்டும்.

அரசின் அடுப்புகள் எங்களிடம் வாங்கட்டும்

உழவர் சந்தை எங்களுக்குக் கிடைத்த பெரிய கொடை. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் சந்தை திறந்தபோது, உழவரே தராசைப் பிடிக்கலாம் என்ற நிலை வந்தது. அதை நன்றியோடு சொல்கிறோம். அந்தச் சந்தைகளில் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு நிலையான கடை வேண்டும். உழவர் அட்டையோடு வந்து அமரும் வியாபாரிகளை வயலாய்வு செய்து நீக்க வேண்டும்.

ஆனால் சந்தையை விடப் பெரிய வாங்குபவர் அரசுதான். சத்துணவு, 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு, விடுதிகள், மருத்துவமனைகள், கோயில் அன்னதானம் என்று எத்தனை அடுப்புகள் எரிகின்றன! பிரேசில் நாடு 2009இல் சட்டமே இயற்றியது: பள்ளி உணவுக்கு ஒன்றிய நிதியாகப் போகும் பணத்தில் 30 விழுக்காட்டுக்காவது குடும்ப உழவர்களிடமிருந்து நேரடியாக வாங்க வேண்டும் என்று. இங்கும் அதே 30 விழுக்காட்டைக் கேட்கிறோம். அந்தந்த ஊராட்சி ஒன்றியத்தில் விளையும் அரிசி, பயறு, காய்கறி, முட்டை அந்தந்த ஒன்றியத்துப் பிள்ளைகளின் தட்டுக்குப் போகட்டும். பணத்தை 15 நாளில் தாருங்கள். மூன்று மாதம் கழித்து வரும் பணம் எங்களை மறுபடி வட்டிக்காரரிடம்தான் அனுப்பும். 2022 ஜூலை 18 முதல் பெயரிட்டுப் பொட்டலமிட்ட அரிசிக்கு விதிக்கப்படும் 5 விழுக்காடு சரக்கு சேவை வரியிலிருந்து உழவர் அமைப்புகளின் பொட்டலங்களை விலக்குங்கள்.

விதை

நெல் ஜெயராமன் 2018இல் மறைந்தார். ஊர் ஊராக அலைந்து 174 மரபு நெல் வகைகளை மீட்டவர். திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் 2006இல் தொடங்கிய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கியவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தருவார். மாப்பிள்ளைச் சம்பாவும் தூயமல்லியும் பூங்காரும் கருங்குறுவையும் அப்படித்தான் கைமாறிக் கைமாறிப் பிழைத்தன. இந்த வேலையில் பத்திரமோ வட்டியோ கிடையாது, வாக்குதான்.

2001ஆம் ஆண்டுப் பயிர் வகைகள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், வணிகப் பெயரிட்டு விற்காதவரை, உழவர் தம் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் விற்கவும் உரிமை தருகிறது. இனி வரும் எந்த விதைச் சட்டமும் இந்த உரிமையில் கைவைக்கக் கூடாது. விதைக் குழுக்களுக்கு ஊராட்சி ஒன்றியம்தோறும் பூச்சியும் ஈரமும் அண்டாத ஒரு விதை அறையும், அதைக் காக்க ஓர் ஆளின் சம்பளமும் வேண்டும்.

எங்கள் பங்கு

கேட்பதோடு நிற்கவில்லை. ஆண்டுப் பொதுக்குழுவில் வரவு செலவை வரி வரியாகத் தமிழில் வாசிப்போம். ஒருவருக்கு எத்தனை பங்கு இருந்தாலும் ஒரே வாக்கு என்ற விதியை எந்தக் காரணத்துக்கும் தளர்த்த மாட்டோம். இயக்குநர்களில் பாதிப் பேர் பெண்களாக இருப்பர். குத்தகைதாரருக்கும் இடம் உண்டு. சுழல்நிதியை ஒரு பருவம் திருப்பாத நிறுவனத்துக்கு அடுத்த பருவம் தர வேண்டாம் என்று நாங்களே எழுதித் தருகிறோம்.

இந்தச் சாசனத்தில் பணம் செலவாகாத கோரிக்கைகள் சில உண்டு: வங்கிக் கிளைகளுக்குச் சுற்றறிக்கை, பூட்டிய கிடங்கின் சாவி, உழுபவர் பெயரில் அடங்கல். இம்மூன்றையும் வரும் சம்பா அறுப்புக்கு முன்பே செய்துவிடலாம். மீதியை வேளாண் நிதிநிலை அறிக்கையில் தொகையோடு எதிர்பார்க்கிறோம். கிடங்கு சாவியை எந்த நாளில் எந்தச் சங்கத்தில் வந்து வாங்கிக்கொள்வது என்று தெரிவியுங்கள், வருகிறோம்.