பெயர்த்து வைத்தல் களவாகுமா?

காசு கொடுத்து வாங்கிய இறுவட்டொன்றை, அது பழுதாகுமுன் ஒருவன் பிரதி செய்து வைத்துக்கொள்கிறான். அவன் கள்வனா? ஆம் என்பர் விளையாட்டுக் கம்பனியார். அல்லன் என்பதே நமது கருத்து.

இலக்கியப் பக்கத்திலே விளையாட்டைப் பற்றி எழுதுவதா என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க. தனித்திருந்து சுட்டுத்தள்ளும் ஆட்டத்தை நாம் பேசவரவில்லை. நால்வர் ஒரே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து ஆடும் கூட்டாட்டத்தையே பேசுகின்றோம். 'மாரியோ பார்ட்டி' அவற்றுள் தலையானது. 1998 ஆம் ஆண்டில் யப்பானில் நின்டெண்டோ 64 என்னும் பெட்டிக்காக அது வெளிவந்தது. தாயம் உருட்டிக் கட்டங்களில் நகர்வது, சுற்று முடியுந்தோறும் ஒரு சிறு போட்டி, வென்றவர்க்குப் பொற்காசு. பாட்டியும் பேத்தியும் ஒருவரையொருவர் ஏய்த்துச் சிரிக்கத்தக்க ஆட்டம். கைப்பிடியின் கட்டையை உள்ளங்கையாற் சுழற்றிச் சிறுவர் தோலுரித்துக்கொண்டமையால், நியூயோர்க் அரசு தலையிட, 2000 ஆம் ஆண்டில் கம்பனி கையுறை வழங்க உடன்பட்டதும் இதன்பொருட்டே!

அம்முதல் ஆட்டம் மறுபடி விற்பனைக்கு வந்தது எப்போது தெரியுமோ? 2022 நவம்பரில். ஏறக்குறைய 24 ஆண்டுகள் பழைய பெட்டி இல்லாதவனுக்கு நேர்வழி ஏதும் இருக்கவில்லை. வந்ததும் சொந்தமாக வரவில்லை. சந்தா கட்டும்வரை ஆடலாம், நிறுத்தினால் போயிற்று. 2006 இல் வெளிவந்து 10 கோடிக்கு மேல் விற்ற 'வீ' என்னும் பெட்டியின் இணையக் கடையோ 2019 சனவரியில் மூடப்பட்டது. சிறுவர் கைபட்ட இறுவட்டுக் கீறலின்றி இருப்பதுமில்லை. வாங்கியவன் வேறென்ன செய்வான்?

வீயின் பூட்டை 2008 இல் திறந்தவர்கள் சுத்தியல் எடுத்தாரல்லர். ஓர் ஆட்டத்திலே வீரனின் குதிரைக்கு, ஒதுக்கிய இடங்கொள்ளாத நீண்ட பெயரொன்றைச் சூட்டினர். பெயர் நினைவகத்தில் வரம்புமீறி வழிந்தது. அவ்வழியே தமது மென்பொருளை உட்செலுத்தினர். குதிரைப் பெயரால் கோட்டை திறந்த கதை வேறெங்குண்டு? பின்னர், சொந்த இறுவட்டை வன்தட்டிற் பெயர்த்து அங்கிருந்தே ஆடுதல் எளிதாயிற்று.

பெட்டியே இல்லாதவர்க்கு எமுலேற்றர் உண்டு. கணினியைப் பெட்டிபோல நடிக்கச் செய்யும் மென்பொருள் அது. 2003 இல் தோன்றிய 'டொல்பின்' அத்தகையது. வீயின் பழைய கைப்பிடிகளையே அதனோடு இணைக்கலாம். தொலைக்காட்சியருகே வைக்கும் உணர்கோல் தொலைந்துவிட்டால் இரண்டு மெழுகுதிரிகளை ஏற்றிவைத்தாலும் ஆட்டம் நடக்கும். அக்கோல் பெயருக்குத்தான் உணர்கோல். செங்கீழ்க் கதிர்ப் புள்ளிகள் இரண்டைக் காட்டி நிற்பதே அதன் தொழில். மெழுகுதிரிச் சுடரும் அதனைச் செய்யும்.

இனிச் சட்டம். வழக்குகள் பலவும் எழுந்த அமெரிக்காவையே பார்ப்போம். கணினி நிரலின் பிரதியை உடையவன் காப்புப்பிரதி எடுக்கலாம் என்கிறது அந்நாட்டின் 1980 ஆம் ஆண்டுத் திருத்தம். பூட்டைத் திறத்தலாகாது என்கிறது 1998 ஆம் ஆண்டுச் சட்டம். பூட்டில்லாத இறுவட்டை எந்தக் கம்பனி விற்கிறது? சாமி வரங்கொடுத்தும் பூசாரி இடங்கொடாத கதையே இது.

கம்பனியார் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. கடையில் இன்று விற்கும் ஆட்டத்தை இலவசமாக இறக்கிவிட்டு, 'காப்புப்பிரதி' என்று பெயர்சூட்டுவோர் பலர். ஆயிரம் ஆட்டங்களை வன்தட்டில் அடைத்து விற்பவன் வியாபாரி. அவனுக்காக நாம் வாதாடவில்லை. விற்பனையிலிருந்த பெட்டிக்கு எமுலேற்றர் செய்த 'யூசு' குழுவினர், 2024 மார்ச்சில் 24 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டபோதும் நாம் கண்ணீர் வடிக்கவில்லை. ஏடு பெயர்த்தெழுதிய பெரியோரோடு இவர்களை ஒப்பிடுவாரும் உளர். அவ்வளவு தூரம் நாம் போகோம்.

நாம் கேட்பது சிறிது. தன் அலமாரியில் இறுவட்டை வைத்திருப்பவன், அதன் பிரதியைத் தன் வீட்டில், தன் விருந்தினரோடு ஆடட்டும். கம்பனி விற்பதை நிறுத்திய ஆட்டத்திற்கேனும் இவ்வுரிமை ஐயமற வழங்கப்படுதல் வேண்டும். அச்சொழிந்த ஆட்டங்களை ஆய்வாளர்க்குத் தொலைவிலிருந்தே திறந்துகாட்ட நூலகங்கள் சார்பில் கேட்கப்பட்ட அனுமதியை, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 ஒக்டோபரில் மறுத்துவிட்டது. மூன்றாண்டுக்கு ஒருமுறை இவ்விலக்குகளை அது பரிசீலிப்பது வழக்கம்; அடுத்த முறை 2027. நூலகத்தாரோடு, கீறல் விழுந்த இறுவட்டும் நான்கு கைப்பிடியும் உள்ள வீட்டுக்காரனுக்காகவும் அன்று எவரேனும் மனுக்கொடுத்தல் வேண்டும்.