ஏட்டில் எழுதியிருந்தது

கணக்கு உபாத்தியாயராக இருந்து ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர், சென்ற இதழைப் படித்துவிட்டு எமக்கு ஓர் அஞ்சலட்டை விடுத்திருக்கிறார். முகவரிக்கென்று விட்ட பாதியிலும் சிறிது இடத்தைக் கவர்ந்துகொண்டு, பொடி எழுத்தில் அவர் கேட்டிருப்பதன் சாரம் இது: உலகத்து மதங்கள் ஒன்றுக்கொன்று முரணானவற்றைச் சொல்லுகின்றன, முரணான இரண்டு கூற்றுகள் ஒருங்கே மெய்யாதல் இயலாது, ஆகவே ஒன்று மெய்யாயிருக்கலாம், அல்லது யாவும் பொய்யாயிருக்கலாம், யாவும் மெய்யாயிருப்பது மட்டும் கூடாது, அவ்வாறிருக்க, எல்லா மதமும் ஒன்றே என்று உமது பத்திரிகை எழுதியது எந்தக் கணக்கில் சேர்ந்தது? மெய்யான மதம் எதுவென்று தெரிந்தால் சொல்லும். தெரியாவிட்டால் சும்மா இரும்.

சும்மா இருப்பதன் சுகத்தைத் தாயுமானவர் அறிவார்; மாதம் பிறந்தால் தலையங்கம் எழுதியாக வேண்டியவனுக்கு அது வாய்ப்பதில்லை.

உபாத்தியாயரின் தருக்கத்தில் பிழை இல்லை. இயேசுநாதர் சிலுவையில் மரித்தார் என்பது கிறிஸ்தவத்தின் அஸ்திவாரம். அவர் சிலுவையில் அறையப்படவே இல்லை என்று குர்ஆனின் நான்காம் அத்தியாயம் மறுக்கிறது. ஒவ்வோர் உடம்பிலும் அழிவற்ற ஜீவன் ஒன்று உண்டு என்பது சமணம். நிலையான ஆன்மா என்று ஒன்றும் இல்லை என்பது பௌத்தம். உலகத்துக்குக் கர்த்தா ஒருவன் வேண்டியதில்லை என்பதில் மட்டும் இவ்விரண்டும் கைகோத்துக்கொள்ளும். இவ்வளவையும் ஒரே குடத்தில் ஊற்றிக் கலக்கி, ‘எல்லாம் ஒன்றே’ என்று மேடையில் முழங்குகிறவர், நான்கு மதத்தாருக்கும் மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு, நான்கு பேரையும் பார்த்து, ‘நீங்கள் சொல்லுவது இன்னதென்று உங்களுக்கே தெரியவில்லை’ என்று சொல்லிவிடுகிறார். குருடர் யானையைத் தடவிய கதையை இவர்கள் விடாமல் சொல்லுவார்கள். பௌத்தருடைய உதானம் என்னும் நூலில் வருகிற அந்தக் கதையைப் புத்தர் சொன்னது, எல்லாக் குருடரும் சொன்னது சரியே என்று சமாதானம் பண்ணுவதற்கன்று. தத்தம் கட்சியே மெய்யென்று சண்டையிட்ட பிற சமயத்தாரின் குருட்டுத்தனத்தைக் காட்டுவதற்கு. யானையை முழுவதும் கண்ட அரசன் ஒருவனும் அக்கதையில் இருக்கிறான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ‘எம்மதமும் சம்மதம்’ என்கிறவர் தம்மை அறியாமலே அந்த அரசனுடைய ஆசனத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளுகிறார். சென்ற இதழில் நாமும் உட்கார்ந்தோம் போலும். இறங்கிவிடுகிறோம்.

ஆனால், ‘ஒன்றே மெய்யாதல் கூடும்’ என்பது வரையில் வந்த உபாத்தியாயர், அது எது என்று தீர்ப்பளிக்கிறவர் யார், அவர் எங்கே நின்றுகொண்டு தீர்ப்பளிப்பார் என்பதைக் கேட்காமல் விட்டுவிட்டார். நம்முடைய நாட்டில் அந்தத் தீர்ப்பை ஒருமுறை வைகை ஆற்றினிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

திருஞானசம்பந்தர் மதுரையில் சமணரோடு வாது செய்த வரலாற்றைச் சிறு வயதில் எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் கேட்டிருக்கிறோம். கதாப்பிரசங்கியார் பாண்டியனுடைய வெப்பு நோயைத் தம்முடைய உடம்பிலேயே வரவழைத்துக்கொண்டு துடிப்பார், அனல்வாதத்தில் சமணருடைய ஏடு கருகும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளுவார், பிறகு புனல்வாதம். அங்கவஸ்திரத்தின் ஒரு முனையை இடக் கையில் பற்றி மறு முனையை வலக் கையால் மெல்ல மெல்ல இழுத்து, சம்பந்தருடைய ஏடு வெள்ளத்தை எதிர்த்து ஏறித் திருவேடகம் சேருவதைக் காட்டும்போது நாங்கள் மெய்சிலிர்த்துப் போவோம். சமணர் இட்ட ஏடோ ஆற்றோடு போய்விட்டது. அதில் ‘அத்தி நாத்தி’ என்று எழுதியிருந்ததாகச் சேக்கிழார் சொல்லுகிறார். பிரசங்கியார் அந்த இரண்டு வார்த்தைகளையும் ஒரு மாதிரியாக மூக்கால் உச்சரிப்பார். மண்டபம் சிரிப்பால் அதிரும். நாமும் சிரித்தோம். அதற்கு என்ன பொருள் என்று கேட்க வேண்டுமென்ற எண்ணம், அந்த மண்டபத்தில் இருந்த பெரியவர் எவருக்கும் தோன்றவில்லை.

பொருள் எளியதுதான். அஸ்தி, நாஸ்தி, உண்டு, இல்லை. ஒரு பொருளை ஒரு நோக்கில் உண்டு என்றும், வேறொரு நோக்கில் இல்லை என்றும் சொல்லலாம். மண்குடம் மண்ணாக உண்டு, பொன்னாக இல்லை. இப்படி எந்தக் கூற்றையும் ‘ஒருவாற்றான்’ என்ற அடையோடு கூடச் சொல்லுவதே குற்றமற்ற பேச்சு என்று சமணர் ஏழு வகையாக வகுத்த சப்தபங்கியின் தலைவாயில் அந்த இரண்டு வார்த்தைகள். எந்த மதத்தின் சாரம், உண்மையை ஒரே வீச்சில் சொல்லிவிடாதே என்பதாக இருக்கிறதோ, அந்த மதத்தைப் பார்த்து, உன் உண்மையை ஓர் ஏட்டில் எழுதி ஆற்றில் விடு என்றார்கள், அவர்களும் விட்டார்கள். ‘ஒருவாற்றான்’ என்ற அடைக்கு மதிப்புக் கொடுக்க ஆற்றுக்குத் தெரியாது. ஏழாம் நூற்றாண்டில் நடந்ததாகச் சொல்லப்படுவதை, பன்னிரண்டாம் நூற்றாண்டில் இருந்து, வெற்றி பெற்ற கட்சியின் கவி பாடுகிறார் என்பதையும் மறக்கலாகாது. தோற்ற எண்ணாயிரவர் கழுவேறினார்கள் என்பது நடந்த சரித்திரமா, பக்தியின் மிகையா என்று அறிஞர்கள் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்; மிகையென்றே வைத்துக்கொண்டாலும், அப்படி ஒரு மிகையில் மகிழ்ந்த மனம் மிகையன்று. சைவக் குடியில் பிறந்த நாம் இதை எழுதுவதால் சிலருக்கு வருத்தம் உண்டாகும், உண்டாகட்டும்.

சமணருடைய ஏடு ஆற்றோடு போனதே ஒழிய, சமணர் போய்விடவில்லை. முழுவதும் போய்விட்டவர்கள் ஆசீவகர். மகாவீரருக்கும் புத்தருக்கும் சமகாலத்தவனாகிய மற்கலி கோசாலன் வழிவந்த அவர்களுக்கு அசோகன் பராபர் குன்றில் குகைகளைக் குடைந்து கொடுத்திருக்கிறான். தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் ‘ஆசுவக் கடமை’ என்று ஒரு வரி காணப்படுகிறது, அதை ஆசீவகர் மீது விதித்த வரியென்று அறிஞர்கள் கொண்டிருக்கிறார்கள். ஆக, வரி வாங்கத் தக்க அளவுக்காவது இங்கே வாழ்ந்திருக்கிறார்கள். இன்று அவர்களுடைய நூல் ஒன்றும் இல்லை. நடப்பதெல்லாம் நியதிப்படி நடக்கும், உயிர்கள் கரும்பிறப்பு முதல் வெண்பிறப்பு ஈறாக ஆறு நிறப் பிறவிகளில் ஏறி வீடடையும் என்று அவர்கள் போதித்தது நமக்கு எப்படித் தெரியும்? அவர்களை மறுத்தவர்கள் எழுதிவைத்ததால் தெரியும். ஏ. எல். பாஷாம் என்னும் ஆங்கிலேயர் 1951இல் ஆசீவகரைப் பற்றித் தனி நூல் எழுதியபோது, அவருக்குக் கைகொடுத்த ஆதாரங்களுள் தமிழ் நூல்கள் மூன்று: பௌத்த நூலாகிய மணிமேகலை, சமண நூலாகிய நீலகேசி, சைவ நூலாகிய சிவஞான சித்தியார். மூன்றுமே எதிர்க்கட்சி.

இந்த எதிர்க்கட்சிக்காரரின் யோக்கியதையை நாம் சரியாக மதிப்பிடவில்லை என்று தோன்றுகிறது. அருள்நந்தி சிவாசாரியார் தம்முடைய சமயமே மெய்ச்சமயம் என்பதில் அணுவளவும் ஐயமில்லாதவர். அப்படிப்பட்டவர் சித்தியாரின் பரபக்கத்தில் பதினான்கு கட்சிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் முதலில் ‘மதம்’ என்று அந்தக் கட்சிக்காரன் வாயால் சொல்லவிட்டு, அதன் பிறகே ‘மறுதலை’ என்று தம் வாயால் பேசுகிறார். கடவுளையே மறுக்கும் உலோகாயதனுக்கும் அந்த மரியாதை உண்டு. அவன் பேசும்போது, இவர் சைவர்தாமா என்று ஐயுறும்படி உற்சாகமாகப் பேசுகிறான். மணிமேகலையில் வஞ்சி நகரத்துச் சமயக்கணக்கர்களிடம் ஆண் துறவி வேடத்தில் போய் நிற்கும் பெண், அளவைவாதி தொடங்கிப் பூதவாதி ஈறாகப் பதின்மர் சொல்லுவதையும் கேட்கிறாள். கேட்டவை அவளுக்கு உவப்பில்லை. ஆனாலும் எதிர்வாதம் செய்யவில்லை. பூதவாதி ஒருவனிடம் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல், கண்ணால் கண்டதே பிரமாணம் என்றால் உன் தாய் தந்தையரை நீ எப்படி அறிந்தாய் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு நகர்கிறாள். நூலாசிரியராகிய சாத்தனார் அவளைக் கடைசியில் பௌத்தத்தில்தான் சேர்க்கப்போகிறார் என்பது நமக்கு முன்பே தெரியும். தெரிந்தும், ஆசீவகனுக்கு அவர் கொடுத்த அடிகளைக் குறைக்கவில்லை. அவன் பிழைத்திருப்பது அந்த அடிகளில்.

தன் மதமே மெய்யென்று நம்புவது பிறர் மதத்தைக் கேட்பதற்குத் தடை என்று இக்காலத்தில் பலர் கருதுகிறார்கள். நம்முடைய அநுபவத்தில், ‘எல்லாம் ஒன்றே’ என்கிறவர்தாம் கேட்பதில்லை; ஒன்றேயான பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது? லூதரன் பாதிரியாராகிய சீகன்பால்கு 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது அவருக்கு இருபத்து நான்கு வயது நிரம்ப ஒரு நாள் குறைவு. திண்ணைப் பள்ளி உபாத்தியாயர் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் செய்து, அந்தப் பிள்ளைகளோடு தாமும் உட்கார்ந்து மணலில் எழுத்துக் கூட்டியவர். சில ஆண்டுகளில் ஏடு ஏடாகத் தமிழ் நூல்களைச் சேகரித்துப் படித்தவர். தமிழர் சமயத்தை அக்கியானம் என்று கண்டிக்கும் சிறு நூல் ஒன்றை 1713இல் தரங்கம்பாடி அச்சில் வெளியிட்டார். அதே 1713இல், இங்குள்ள தெய்வங்களின் பெயர், வமிசம், வழிபாடு ஆகியவற்றை, இங்குள்ளார் சொல்லக் கேட்டபடி, ஜெர்மன் பாஷையில் ஒரு பெரிய நூலாக எழுதி ஹல்லே நகரத்துக்கு அனுப்பினார். அங்கிருந்த பிராங்கே என்னும் பெரியவர், அக்கியானத்தை வேரறுக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதாவது என்று அதனை அச்சேற்ற இசையவில்லை. அந்த நூல் 1867இல் சென்னையில்தான் அச்சேறியது. எழுதியவர் மாண்டு அப்போது ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு. பிராங்கேயின் அச்சத்திலும் நியாயம் இருந்தது என்றே சொல்ல வேண்டும். செவ்வையாகச் சொல்லப்பட்ட பூர்வபட்சம், அதாவது எதிர்க்கட்சியின் வாதம், அபாயமானது.

வைகையில் போன ஏட்டுக்குத் திரும்புகிறோம். அதில் என்ன எழுதியிருந்தது என்று விசாரிக்கப் போன சைவர் ஒருவர் பின்னாளில் வந்தார். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக அமர்ந்த சாமிநாதையர், திருவாவடுதுறை ஆதீனத்தின் நிழலில் வளர்ந்தவர். மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் புராணமும் அந்தாதியும் பிள்ளைத்தமிழும் கற்றவர். சேலம் இராமசாமி முதலியார் சிந்தாமணி படித்திருக்கிறீரா என்று கேட்ட கேள்வியால் அந்தச் சமண காவியத்தில் புகுந்தார். புகுந்தவருக்கு நச்சினார்க்கினியர் உரையிலும் விளங்காத சொற்கள் எதிர்ப்பட்டன. ஊரில் சமணர் இருப்பதாகக் கேள்விப்பட்டு அவர்கள் வீட்டுக்கே போனார். தெருவில் கோலமும் வாசலில் தோரணமுமாக இருந்தது. என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணியை இத்தனை நாளாகப் படனம் செய்து இன்று பூர்த்தி செய்தோம் என்கிறார்கள். தாம் எவருமே அறியார் என்று நினைத்து மல்லாடிக்கொண்டிருந்த நூலுக்குப் பக்கத்துத் தெருவில் பூர்த்தி விழா! அன்று முதல் நெற்றி நிறையத் திருநீற்றோடு அந்த வீட்டுக்குப் போய், ஐயம் கேட்டு, குறித்துக்கொண்டு, மறுபடியும் போய்க்கொண்டிருந்தார். சமண நூலை ஒரு சைவர் பதிப்பிப்பதா என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். 1887இல் சிந்தாமணி வெளிவந்தது, 1898இல் மணிமேகலை, அதற்குப் பௌத்த சமயத்தைக் கல்லூரியிலிருந்த ரங்காசாரியார், ஒரு வைணவர், ஆங்கில நூல்களைப் படித்துச் சொல்லிக்கொடுத்தார்.

அவர் சமணராகவில்லை; சமணரும் அவரை ஆக்க முயலவில்லை. அவரை என்னவென்று கொள்ளுவது என்ற கேள்விக்கு, அவர்கள் தங்கள் சாஸ்திரத்துக்குள்ளேயே ஒரு வார்த்தை கண்டுபிடித்தார்கள்: ‘பவ்விய ஜீவன்’. வீடு பெறும் பக்குவமுள்ள உயிர் என்பது அதன் பொருள். தங்கள் கோட்பாட்டில் ஓர் எழுத்தையும் தளர்த்தாமல், தங்கள் கோட்பாடே மெய்யென்ற நம்பிக்கையையும் விடாமல், திருநீறு பூசிய ஒரு பிராமணருக்கு அவர்கள் போட்ட மணை அது. அதில் அவரும் கூச்சமின்றி உட்கார்ந்தார். வைகைக்கரையில் அன்று எவருக்கும் இப்படி ஒரு மணை கிடைக்கவில்லை.

உபாத்தியாயருக்கு நம்முடைய பதில்: மெய்யான மதம் ஒன்று இருக்கக் கூடும், இல்லையென்று சாதிக்க எம்மிடம் பிரமாணம் இல்லை. ஆனால் நாம் இதுவரையில் ஒழுங்காகப் படித்த ஏடு ஒன்று, அதுவும் பாதி. வழக்கின் மற்றக் கட்சிக்காரருடைய ஏடுகளைப் பிரிக்காத நீதிபதி தீர்ப்பை மட்டும் எழுதிவிடலாகாது என்பதைக் கணக்கு உபாத்தியாயர் ஒப்புவார் என்று நம்புகிறோம்.

ஆகவே அடுத்த இதழ் தொடங்கி இரண்டு பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். எழுதுகிறவர் தம்முடையதல்லாத ஒரு மதத்தின் ஒரே ஒரு கொள்கையை எடுத்துக்கொண்டு விளக்க வேண்டும். மறுப்பு வேண்டாம், மறுப்புக்கு இடம் பிறகு தருவோம். கையெழுத்துப் பிரதியின் அடியில், அந்த மதத்தைச் சேர்ந்தவர் ஒருவர் படித்துப் பார்த்து, ‘ஆம், நாங்கள் சொல்லுவது இதுதான்’ என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்க வேண்டும். தாள் விலை உயர்ந்திருப்பதால் இரண்டு பக்கத்துக்கு மேற்பட்டவை ஏற்கப்படமாட்டா. உலோகாயதத்தைப் பற்றி எழுத விரும்புவோருக்குக் கையொப்பத்துக்கு ஆள் கிடைப்பது இக்காலத்தில் சிரமமாயிராது. ஆசீவகத்தைப் பற்றி எழுதுவோருக்கு மட்டும் கையொப்ப விதியைத் தளர்த்தியிருக்கிறோம். முதல் கட்டுரையைக் கணக்கு உபாத்தியாயரிடமிருந்தே எதிர்பார்க்கிறோம். அஞ்சலட்டையில் இடம் போதாது, உறையில் வைத்து அனுப்புக.