பூநாரைக்கு என்ன கலர்?

2006-ல திமுக அரசு கொடுக்க ஆரம்பிச்ச 14 இன்ச் இலவச கலர் டிவியிலேயே கண்ணு பழகின வீடு எங்களுது. போன மாசம்தான் 43 இன்ச் வந்துச்சு மக்களே.

முதல் நாளே நியூஸ்ல நம்ம பழவேற்காடு ஏரி. பூநாரைங்க எல்லாம் ரோஸ் பெயிண்ட் அடிச்ச மாதிரி! நேர்ல பாக்குறவனுக்குத் தெரியும், உடம்பு வெளுப்பு, றெக்கையை விரிச்சாத்தான் சிவப்பு.

மெனுவுல பாத்தா 'விவிட்' மோடு. கடை வெளிச்சத்துல பக்கத்து டிவியை அமுக்குறதுக்கான செட்டிங் அது. வீட்டுக்கு வர்ற டிவியில அது எதுக்குங்க? காசு கொடுத்தது நாம.

'சினிமா' மோடுக்கு மாத்தினேன். "என்னடா, மஞ்சளா இருக்கு?"ன்னார் அப்பா. நீலத்துக்குப் பழகின கண்ணுப்பா, ரெண்டு நாள் பொறுங்கன்னேன். படம் எடுக்கறவங்க வெள்ளைக்கு வெச்சிருக்கிற அளவு 6500 கெல்வின். இந்த மோடுதான் அதுக்குக் கிட்ட வருது.

ஷார்ப்னெஸ்ஸையும் குறைச்சிடுங்க. அது புதுசா விவரம் எதையும் காட்டாது, ஓரத்துல கோடு போடும், அவ்ளோதான். மோஷன் ஸ்மூத்திங்கை அணைக்கச் சொல்லி 2018-ல டாம் க்ரூஸே வீடியோ போட்டார். சினிமாவுக்கு சரி. கிரிக்கெட்டுக்கு இருக்கட்டும்னு என் கட்சி :)

மூணாம் நாள்லேர்ந்து அப்பா மஞ்சளைப் பத்திப் பேசல. ரிமோட்டைத்தான் தர மாட்டேங்கிறார். காஸ்ட் அக்கவுண்டிங் கூப்பிடுது, வர்றேன்.