பேங்க் செல்போனில், பதில் யாரிடம்?

சிங்கப்பூரைச் சேர்ந்த டி.பி.எஸ். வங்கி, 2016 ஏப்ரலில் இந்தியாவில் ஒரு புது வியாபாரத்தைத் தொடங்கியது. பெயர் 'டிஜிபேங்க்'. கிளைக்கு வர வேண்டாம், பாரம் நிரப்ப வேண்டாம், கையெழுத்து வேண்டாம். செல்போன் இருந்தால் போதும் என்றது. கணக்கு திறக்க, பெரிய நகரங்களின் காபிக் கடைகளிலேயே கைரேகை வைக்க ஏற்பாடு! சேமிப்புக்கு 7 சதவீதம் வரை வட்டி என்று ஆசை காட்டியது.

மும்பைக்காரருக்கு அது சரி. அருப்புக்கோட்டையில் தறி ஓட்டுகிறவருக்கும், திருச்சுழிப் பக்கம் வானத்தைப் பார்த்து விதைக்கிறவருக்கும்? "ஆளே இல்லாத பேங்க்கில் காசைப் போட்டா, நாளைக்கு யாரைப் போய்க் கேக்கிறது?" என்பார்கள். நியாயமான கேள்வி.

நாலரை வருஷம் ஓடியது. 1926-ல் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி வராக்கடனில் தத்தளித்தது. 2020 நவம்பர் 17-ந் தேதி, 25 ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று தடை வந்தது. டெபாசிட்தாரர்கள் பதறிப் போனார்கள். பத்தே நாளில் அந்த வங்கி டி.பி.எஸ்.சுடன் இணைக்கப்பட்டது. சிங்கப்பூரிலிருந்து 2,500 கோடி ரூபாய் வந்தது. 20 லட்சம் பேரின் டெபாசிட் தப்பியது. பங்கு வாங்கியவர்களுக்குத்தான் ஒரு பைசாவும் இல்லை!

ஏற்கெனவே ஒரு சில கிளைகளே வைத்திருந்த செல்போன் பேங்க்குக்கு, 563 கிளைகள் ஒரே நாளில் கைக்கு வந்தன. அந்நிய மண்ணில் கடை விரிக்க செல்போன் மட்டும் போதாது. பக்கத்தில் ஒரு கவுண்டரும், பதில் சொல்ல ஒரு ஆளும் வேண்டும்.

அதற்காக செல்போன் பேங்க்கே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 2023 பிப்ரவரி 21-ந் தேதி இந்தியாவின் யு.பி.ஐ.யும் சிங்கப்பூரின் பேநவ்வும் இணைக்கப்பட்டன. நாளொன்றுக்கு 60 ஆயிரம் ரூபாய் வரை அனுப்பலாம் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. மகன் அங்கே பட்டனைத் தட்டினால், இங்கே ஆத்தா கணக்கில் பணம். உண்டியல்காரரைத் தேடி அலைய வேண்டாம்.

ஆனால், பணம் வந்த சேதி இங்கிலீஷில் வந்தால் ஆத்தா என்ன செய்வார்? "பேங்க்கில் இருந்து பேசுறோம், ஓ.டி.பி. நம்பரைச் சொல்லுங்க" என்கிற திருடனுக்கு அந்த அறியாமைதான் முதல். பணம் பறிபோனால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும் என்பது எத்தனை கிராமத்துக்குத் தெரியும்?

உள்நாட்டு வங்கியோ, வெளிநாட்டு வங்கியோ, தமிழில் சேதி அனுப்பட்டும். 1930 என்ற எண்ணை வாசலில் கொட்டை எழுத்தில் எழுதி வைக்கட்டும். கூட்டம் குறைந்தது என்று சொல்லிக் கிராமத்துக் கிளையை மூடாமல் இருக்கட்டும்.

காசை வாங்கத் தெரிந்த பேங்க்குக்கு, கணக்குச் சொல்லவும் தெரிய வேண்டும்!