தக்காளி காயா பழமான்னு கேட்டா சிரிக்காதீங்க

"உலகத்துல நடக்கிற விநோதம்" வகைச் செய்தின்னா எனக்கு ரொம்பப் பிடிக்கும். டவுன்ல இருக்கிற சொந்தக்காரப் பசங்க வாட்ஸப்புல அனுப்பிக்கிட்டே இருப்பாங்க. கேரட் பழமாம். ரொட்டி ரொட்டியே இல்லையாம். தென்னை மரமே கிடையாதாம். கீழே நாலு சிரிப்புப் பொம்மை. நானும் சிரிப்பேன். ஆனா அந்தச் செய்தியை முழுசாத் தேடிப் படிச்சா, பெரும்பாலும் அடியில ஒரு வரிக் கணக்கு இருக்கும். ஒரு பொருளை எந்தப் பேர்ல எழுதுறதுங்கிறதுல யாரோ ஒருத்தருக்கு லாபம், யாரோ ஒருத்தருக்கு நட்டம். அந்த நட்டக்காரன் பல நேரம் விளைவிக்கிறவன். அதனாலதான் இதை எழுதுறேன்.

தக்காளியில ஆரம்பிக்கலாம். 1883-ல் அமெரிக்காவில் ஒரு சுங்கவரிச் சட்டம் போட்டாங்க. வெளிநாட்டுல இருந்து வர்ற காய்கறிக்கு 10 சதவீதம் வரி. பழத்துக்கு வரி கிடையாது. 1886-ல் மேற்கிந்தியத் தீவுகள்ல இருந்து நியூயார்க் துறைமுகத்துக்குத் தக்காளி இறக்கினாங்க நிக்ஸ் குடும்பத்து வியாபாரிகள். சுங்க அதிகாரி எட்வர்ட் ஹெட்டன் காய்கறிக்குண்டான வரியைப் போட்டுட்டார். வரியைக் கட்டிட்டு, "தக்காளி பழம்தானே, காசைத் திருப்பிக் கொடு"ன்னு 1887-ல் வழக்குப் போட்டாங்க.

கோர்ட்டுல நடந்ததுதான் வேடிக்கை. வியாபாரி தரப்பு வக்கீல் அகராதியைத் திறந்து பழம், காய்கறி, தக்காளின்னு ஒவ்வொண்ணுக்கும் பொருள் வாசிச்சார். செடியில விதையைச் சுமக்கிற பாகம் எதுவோ அது பழம்னு அகராதி சொல்லுது, தக்காளிக்குள்ள விதை இருக்கு, ஆக பழம். சுங்கத் தரப்பு வக்கீல் சும்மா விடுவாரா? அவரும் அகராதியைத் திறந்து பட்டாணி, கத்தரிக்காய், வெள்ளரி, பூசணி, மிளகாய்னு வாசிச்சார். உங்க கணக்குப்படி பார்த்தா இதெல்லாமும் பழம்தானேங்கிறது அவர் வாதம். உடனே இவர் எழுந்து உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கேரட்னு ஒரு பட்டியல் வாசிச்சார். நம்ம ஊர் காய்கறி ஏலம் மாதிரி இருந்திருக்கும். சாட்சிக்கு வந்த ரெண்டு பேரும் 30 வருசம் காய், பழம் வித்தவங்க.

சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு 1893 மே 10-ஆம் தேதி வந்துச்சு. நீதிபதி ஹோரஸ் கிரே எழுதினார். மத்த நீதிபதிகள் எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. தாவரவியல்படி தக்காளி பழம்தான். ஆனா ஜனங்க பேச்சுல அது காய்கறி. சூப்போட, மீனோட, கறியோட சாப்பாட்டுல வைக்கிறாங்க. சாப்பிட்டு முடிச்சப்புறம் இனிப்புக்குப் பதிலா யாரும் அதை எடுத்துக்கிறதில்லை. ஆகவே வரி கட்டினது கட்டினதுதான். இதுக்கு நாலு வருசம் முன்னால இதே கோர்ட்டுல மொச்சை மாதிரி வெள்ளை பீன்ஸ் விதையா காய்கறியான்னு ஒரு வழக்கு ஓடியிருக்கு. அதுலயும் திங்கிறதுக்கு வர்றது காய்கறிதான்னு சொல்லிட்டாங்க.

இந்தத் தீர்ப்பைக் கிண்டல் பண்றவங்க நிறைய. எனக்கு என்னமோ அந்த நீதிபதி சரியாத்தான் சொன்னார்னு தோணுது. சட்டத்துல இருக்கிற வார்த்தைக்கு விஞ்ஞானியோட அர்த்தத்தை எடுக்கிறதா, சந்தையில நிக்கிறவனோட அர்த்தத்தை எடுக்கிறதான்னு வந்தப்போ அவர் சந்தைக்காரனை எடுத்துக்கிட்டார். 30 வருசம் கூடையைத் தூக்கினவங்களைக் கூண்டுல ஏத்திக் கேட்டிருக்காங்க பாருங்க, அது பெரிய விசயம். (இதே வழக்கு தமிழ்ல நடந்திருந்தா வேற மாதிரி முடிஞ்சிருக்கும். நமக்குப் பச்சையா இருந்தா காய், பழுத்தா பழம். வாழைக்காயும் வாழைப்பழமும் ஒரே தார்தான். "சரக்குப் பழுக்கிற வரைக்கும் வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது"ன்னு தீர்ப்பு வந்திருக்கும்.)

கேரட் பழமான கதை இன்னும் சுருக்கம். போர்ச்சுகல்ல கேரட்டுல ஜாம் போடுறது வழக்கம். ஐரோப்பிய யூனியன்ல ஜாம்னு பேர் வைக்கணும்னா அது பழத்துல செஞ்சதா இருக்கணும்னு விதி. கேரட் ஜாமை விடவும் முடியாது, விதியை மாத்தவும் மனசில்லை. என்ன பண்ணினாங்க? 2001-ல் போட்ட ஜாம் உத்தரவுல, இந்த உத்தரவுக்கு மட்டும் தக்காளி, கேரட், வெள்ளரி, பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் பழம்னு எழுதிட்டாங்க. மண்ணுக்கடியில விளையற கிழங்கு பழமாயிருச்சு. அசட்டுத்தனம்னு தோணும். ஆனா கேரட் போடுற போர்ச்சுகல் விவசாயி பொழைச்சான் இல்லையா?

அதே மாதிரி 1991-ல் இங்கிலாந்துல ஜாஃபா கேக்குன்னு ஒரு தின்பண்டம். கேக்குக்கு வரி கிடையாது, சாக்லேட் பூசின பிஸ்கட்டுக்கு உண்டு. இது எந்த ரகம்? பழசானா கேக்கு இறுகும், பிஸ்கட் நமுத்துப் போகும், இது இறுகுது, ஆகவே கேக்குதான்னு தீர்ப்பாயம் சொல்லிருச்சு. அயர்லாந்துல 2020-ல் சப்வே கடை ரொட்டியில மாவு எடையில 10 சதவீதம் சர்க்கரை இருக்கு, சட்டப்படி 2 சதவீதம்தான் இருக்கலாம், அதனால அது வரிவிலக்குக்குரிய ரொட்டி இல்லைன்னு அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் சொன்னுச்சு. இதெல்லாம் கம்பெனிக்காரங்க சண்டை. அவங்களுக்கு வக்கீல் இருக்கு. விட்டுருவோம்.

நம்ம நாட்டுக்கு வாங்க. மூங்கில் என்ன? தாவரவியல் படிச்சவங்க புல்லுன்னு சொல்வாங்க. நெல்லு, கரும்பு, சோளம், மூங்கில் எல்லாம் ஒரே குடும்பம். இதைத் தெரிஞ்சுக்க வெள்ளைக்காரன் வரணும்னு இல்லை. தொல்காப்பியத்துல மரபியல்லயே இருக்கு. வெளிப்பக்கம் வைரம் பாய்ஞ்சது புல், உள்ளுக்குள்ள வைரம் பாய்ஞ்சது மரம்னு பிரிச்சு வச்சிருக்காங்க. தென்னை, பனை, மூங்கில் எதை வேணா அறுத்துப் பாருங்க, கடினமெல்லாம் வெளியிலதான். ஆனா 1927-ல் வந்த இந்திய வனச் சட்டம் "மரம்"னா அதுல பனை வகை, மூங்கில், அடிக்கட்டை, புதர், பிரம்பு எல்லாம் சேர்த்தின்னு எழுதிருச்சு. புதர் கூட மரம்!

இதுல சிரிக்க என்ன இருக்குன்னா, ஒண்ணுமில்லை. மரம்னு ஆயிட்டா வெட்டினதை ஏத்திட்டுப் போக அனுமதிச் சீட்டு வேணும். சொந்த நிலத்துல நட்ட மூங்கிலா இருந்தாலும், அது காட்டு மூங்கில் இல்லைன்னு நீ நிரூபிக்கணும். சீட்டுக்கு அலையிற செலவு மூங்கில் விலையை விட அதிகம்னா எவன் நடுவான்? நூறு ஊர்ல வரப்போரம் நட்டிருக்க வேண்டிய பயிர், ஒரு வார்த்தையால நடாமயே போச்சு. நகரத்துல ஊதுபத்திக் குச்சி வியட்நாம், சீனாவுல இருந்து வந்துச்சு.

மகாராஷ்டிராவுல கட்சிரோலி மாவட்டத்துல மேண்டா லேகான்னு ஒரு கோண்டு கிராமம். "எங்க ஊர்ல நாங்கதான் சர்க்கார்"னு முழங்குற ஊர். 2006 வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருள்னு சொல்லுது; அப்போ அது ஊருக்குச் சொந்தம். பழைய சட்டமோ மரம்னு சொல்லுது. அப்போ அது வனத்துறைக்குச் சொந்தம். ரெண்டு சட்டத்துல ரெண்டு பேரு, நடுவுல மூங்கில் அப்படியே நிக்குது. 2009-ல் காட்டு மேல ஊருக்கு உரிமை கிடைச்சும் மூங்கிலை வித்துக்க வழியில்லை. கடைசியில 2011 ஏப்ரல்ல மத்திய அமைச்சரா இருந்த ஜெய்ராம் ரமேஷ் நேர்ல வந்து அனுமதிச் சீட்டுப் புத்தகத்தைக் கிராமசபை கையில கொடுத்தார். அதுக்கப்புறம் அந்த ஊர் தானே சீட்டு எழுதித் தன் மூங்கிலை வித்துச்சு. ஒரு சீட்டுப் புத்தகத்துக்கு அத்தனை வருசம்.

காட்டுக்கு வெளியே மூங்கில் வளர்க்கிறவங்களுக்கு 2017 நவம்பர்லதான் விடிஞ்சுது. அவசரச் சட்டம் போட்டு அந்தப் பட்டியல்ல இருந்து "மூங்கில்"ங்கிற ஒரே ஒரு வார்த்தையை எடுத்தாங்க. பத்திரிகைகள்ல "மூங்கில் இனி மரமில்லை"ன்னு விநோதச் செய்தியா வந்துச்சு. 90 வருசம் கழிச்சுப் புல்லு புல்லாச்சு.

கோவாவுல இதோட தலைகீழ்க் கதை. 2016 ஜனவரியில அந்த மாநில அரசு தென்னையை மரப் பாதுகாப்புச் சட்டத்துல இருந்து எடுத்துருச்சு. நாடெல்லாம் சிரிச்சாங்க, "தென்னை மரமில்லையாம்"னு. வயசாகிக் காய்ப்பு நின்ன தென்னையை விவசாயி சிரமமில்லாம வெட்டி மறுநடவு பண்ணட்டும்னு அரசு சொன்ன காரணம். எதிர்த்தவங்க, தோப்பை அழிச்சுக் கட்டடம் கட்டத்தான் இதுன்னாங்க. 2017-ல் வந்த அடுத்த அரசு தென்னையைத் திரும்ப மரமாக்கி, மாநில மரம்னும் அறிவிச்சுருச்சு. ஒரே வருசத்துல புல்லாகி, மரமாகி, பதவி உயர்வும் வாங்கின உசுரு உலகத்துல வேற இருக்குமான்னு தெரியலை.

தென்னை வச்சிருக்கிறவன்கிற முறையில என் கட்சி இதுதான்: காய்ப்பு நின்ன மரத்தை வெட்ட, வச்சவனுக்கு உரிமை இருக்கணும். வெள்ளை ஈயும் வாடல் நோயும் வந்த தோப்பை வருசக்கணக்கா தண்ணி விட்டுப் பார்த்துக்கிட்டு நிக்க முடியாது. அதுக்காக எதிர்த்தவங்க சொன்னது பொய்யின்னும் சொல்ல மாட்டேன். நாலு மரத்துக்குத் திறந்த கதவுல நாப்பது ஏக்கர் வெளியே போகும், நம்ம பக்கமே பார்த்திருக்கோம். ஆனா அதைத் தடுக்க, "வெட்டினா இத்தனை கன்னு நடணும், நிலத்தோட வகையை மாத்தக் கூடாது"ன்னு நேரா எழுதலாமே. அதை எழுதத் துணிச்சல் இல்லாதப்போதான் மரமா புல்லான்னு வார்த்தையில ஒளிஞ்சுக்கிறாங்க.

அந்தத் தென்னை கொடுக்கிற எண்ணெய்க்கும் இதே கதிதான். சின்ன பாட்டில்ல வர்ற தேங்காய் எண்ணெய் சமையலுக்கா, தலைக்கா? தலைக்குன்னா அப்போ 18 சதவீதம், சமையலுக்குன்னா 5. வருசக்கணக்கா இழுத்து 2024 டிசம்பர்ல நம்ம சுப்ரீம் கோர்ட், தலைக்குத் தேய்க்கன்னு சொல்லி விக்காத வரைக்கும் அது சமையல் எண்ணெய்தான்னு தீர்த்துச்சு. எங்க வீட்டுல ஒரே தூக்குப்போசிதான், ரெண்டுக்கும்.

சென்னை, பெங்களூர்ல இருக்கிற உங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கிறது ஒண்ணைச் சொல்றேன். 2017 தை மாசம் மெரினாவுல உக்காந்தீங்க இல்லையா? அந்தக் கதையோட ஆரம்பமும் ஒரு பட்டியல்தான். காட்சி காட்டப் பழக்கக் கூடாத விலங்குகள்னு கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம்னு இருந்துச்சு. 2011-ல் அதுல "காளை"ன்னு ஒரு வார்த்தை சேர்ந்துச்சு. சர்க்கஸ் சிங்கத்தோட நம்ம வீட்டுக் காளையும் ஒரே வரியில. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் 2014-ல் தடை வந்தது. அந்த வார்த்தை சேர்ந்த அன்னைக்கு எந்தப் பேப்பர்லயும் அது தலைப்புச் செய்தி இல்லை. விநோதச் செய்தியாக் கூட வரலை.

கடைசியா உங்க சமையலறை. அரிசி சிப்பம் ஏன் 26 கிலோவா இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? 2022 ஜூலை 18-ல் இருந்து, பையில அடைச்சு லேபிள் ஒட்டின அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. ஆனா 25 கிலோ வரைக்கும்தான். 25-ஐத் தாண்டினா அது சில்லறைப் பொட்டலம் இல்லை, வரியும் இல்லை. மில்லுக்காரங்க என்ன பண்ணினாங்க? ஒரு கிலோ கூடப் போட்டுத் தைச்சுட்டாங்க. ஒரே நெல்லு, ஒரே அரவை. சாக்குல ஒரு படி கூடினதும் சட்டத்துக்கு அது வேற பொருள். மாசம் 5 கிலோ, 10 கிலோ வாங்குற தனிக்கட்டைக்கும் வாடகை வீட்டுக்காரருக்கும் வரி. 26 கிலோ சுமந்துட்டுப் போக வண்டியும் வைக்க இடமும் இருக்கிறவருக்கு வரியில்லை. இதை எவனாவது ஜப்பான்லயோ ஜெர்மனியிலயோ பண்ணியிருந்தா வாட்ஸப்புல எத்தனை பேர் அனுப்பிச் சிரிச்சிருப்பாங்க!

நெல்லு வித்தவனுக்கு அந்த ஒரு கிலோவுல ஏதாவது கிடைச்சுதான்னு கேக்காதீங்க. அவனுக்கு மூட்டைக் கணக்கு வேற.

வெள்ளரிக்காய் பத்திச் சொல்லாம விட்டுட்டேன். ஐரோப்பாவுல முதல் தர வெள்ளரின்னா 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல வளையக் கூடாதுன்னு 1988-ல் விதி போட்டாங்க. ரொம்பக் கேலி ஆகி, 2009 ஜூலையில வெள்ளரியோட சேர்த்து 26 காய், பழங்களுக்கு இந்த மாதிரி விதிகளை எடுத்துட்டாங்க. நம்ம ஊர்ல அப்படிச் சட்டமெல்லாம் இல்லை. ஆனா புடலைப் பந்தல்ல போய்ப் பாருங்க, ஒவ்வொரு பிஞ்சு நுனியிலயும் ஒரு கல்லைக் கட்டித் தொங்க விட்டிருப்போம், நேரா வளரட்டும்னு. சுருண்ட காய்க்கு மண்டியில பாதி விலைதான். குழம்புல வெட்டிப் போட்டப்புறம் எது நேர்க்காய், எது கோணக்காய்னு கண்டுபிடிக்கிறவங்க யாராவது இருந்தா எழுதுங்க.